சிவப்பு மையை அளக்க வேண்டாம், இரண்டாம் வரைவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களுக்குப் பிழையில்லாமல் நான்கு வரி எழுத வரவில்லை என்ற மனக்குறை நாளிதழ்க் கடிதங்களில் அடிக்கடி எழுகிறது. குறை நியாயமானதுதான். அதற்குப் பெரும்பாலோர் சொல்லும் மருந்து, ஆசிரியர்கள் நோட்டுகளை இன்னும் கவனமாகத் திருத்த வேண்டும் என்பது. அந்த மருந்து ஏன் பலிப்பதில்லை, பலிக்கக்கூடியதை ஒவ்வொரு ஆசிரியரும் தம் வகுப்பிலேயே எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

40 பேர் உள்ள வகுப்பில் ஒரு நோட்டுக்கு 6 நிமிடம் என்று வைத்தால், ஒரே ஒரு கட்டுரையைத் திருத்த 240 நிமிடம், அதாவது 4 மணி நேரம் போகிறது. நோட்டு கைக்கு வந்ததும் மாணவர் முதலில் தேடுவது மதிப்பெண்ணை. அடுத்து, பக்கத்தில் இருப்பவரின் மதிப்பெண்ணை. பிறகு நோட்டு மூடப்படுகிறது. பிழைதிருத்தம் எழுதச் சொல்லியிருந்தால், ஆசிரியர் மேலே எழுதித் தந்த சரியான சொல்லைப் பார்த்து ஐந்து முறை எழுதுவார். பிழையைக் கண்டவர் ஆசிரியர், சரியான வடிவத்தை யோசித்தவரும் ஆசிரியர். மாணவருக்கு மிஞ்சியது கையெழுத்து வேலை. அடுத்த கட்டுரையில் அதே பிழை வருவதில் வியப்பு இல்லை.

பின்னூட்டம் தந்தாலே நன்மை விளையும் என்று நினைக்கிறோம். அவ்ரஹாம் குளுகர், ஏஞ்சலோ டெனிஸி ஆகிய இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 1996இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் பின்னூட்டத்துக்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது தெரியவந்தது. கவனம் செய்த வேலையை விட்டு, 'நான் கெட்டிக்காரனா, மக்கா' என்ற பக்கம் திரும்பும்போது பின்னூட்டத்தின் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்களும், மதிப்பெண்ணோடு குறிப்பும் பெற்றவர்களும் அப்படி முன்னேறவில்லை. மதிப்பெண் பக்கத்தில் இருந்தால் குறிப்பு படிக்கப்படாமலே போகிறது என்று நோட்டுத் திருத்தும் எவரும் ஊகித்திருப்பார்கள். ஆனால் பட்லர் கொடுத்த பணிகள் கட்டுரைகள் அல்ல. கட்டுரைக்கும், உங்கள் வகுப்புக்கும், உங்கள் மாணவர்களின் வயதுக்கும் அது அப்படியே பொருந்துமா என்பதை அந்த ஆய்வு சொல்லாது. இலக்கணப் பிழைகளைத் திருத்துவதால் பயன் உண்டா என்ற அடிப்படைக் கேள்வியிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. இரண்டாம் மொழியில் எழுதுவோருக்கு அதை அடியோடு விட்டுவிடலாம் என்று ஜான் டிரஸ்காட் 1996இல் வாதிட்டார். டானா பெரிஸ் 1999இல் அதை மறுத்து எழுதினார்.

ஆசிரியர் தம் வகுப்பிலேயே ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, அதன் பலனைத் தாமே ஆராயும் செயலாய்வு பயன்படுவது இங்கேதான். இந்தச் சொல்லை உளவியலாளர் குர்ட் லெவின் 1946இல் எழுதிய கட்டுரை பரவலாக்கியது. ஆசிரியரே ஆய்வாளராக வேண்டும் என்று 1975இல் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் வலியுறுத்தினார். திட்டமிடு, செய், கவனி, சீர்தூக்கிப் பார், மறுபடி திட்டமிடு என்ற சுழற்சியை ஸ்டீபன் கெம்மிஸும் ராபின் மக்டகார்ட்டும் ஆசிரியர்களிடையே பரப்பினார்கள். இன்று அது பெரும்பாலும் பயிற்சிக் காலத்தில் அட்டை போட்டு ஒப்படைக்கும் ஏடாகச் சுருங்கிவிட்டது. தலைப்பு, நோக்கம், கருதுகோள், முன்தேர்வு, பின்தேர்வு, 'மாணவர்கள் முன்னேறினர்' என்ற முடிவு. வேலை தொடங்கும் முன்பே முடிவு தெரிந்திருக்கும் ஆய்வால் வகுப்பில் எதுவும் மாறாது. நாம் சொல்வது வேறு: ஒரு நோட்டு, ஒரு அட்டவணை, ஆறு முதல் எட்டு வாரம், பதில் தெரியாத ஒரு கேள்வி.

அந்தக் கேள்வியைச் சிறிதாக்குவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. 'மாணவர்களின் எழுத்துத்திறனை மேம்படுத்துதல்' என்பதை யாராலும் ஆராய முடியாது. 'கருத்தைச் சொல்லிவிட்டு அதற்குச் சான்று தராமல் அடுத்த வரிக்குத் தாவும் பழக்கம், ஓரக்குறிப்பைக் கட்டளையாக எழுதாமல் கேள்வியாக எழுதினால் குறைகிறதா?' என்பதை ஆராயலாம். எதை மாற்றப் போகிறோம், எது மாறுகிறதா என்று பார்க்கப் போகிறோம் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. ஒரு சுழற்சியில் ஒரு மாற்றம் போதும். மதிப்பெண்ணை நிறுத்துவது, குறியீடு போடுவது, சக மாணவர் திருத்துவது எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்கினால், முன்னேற்றம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

மாற்றத்தைத் தொடங்கும் முன் தொடக்கநிலையைப் பதிவு செய்ய வேண்டும். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு கட்டுரைகளை, வகுப்பிலேயே, 30 நிமிடத்தில், உதவியில்லாமல் எழுத வைத்தால் போதும். ஒரு கட்டுரையை மட்டும் நம்பினால், தலைப்பு பிடிக்காமல் போனவரும் அன்று காய்ச்சலோடு வந்தவரும் கணக்கைக் குழப்புவார்கள். பேனா வைக்கும் முன் எல்லாத் தாள்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதை மறந்தால் ஆய்வே வீண். மாணவர்கள் அழித்து எழுதிவிடுவார்கள், முதல் வரைவில் என்ன இருந்தது என்பதற்குச் சான்று இருக்காது. வகுப்பு முழுவதையும் மேலோட்டமாகப் பார்த்து, ஆறு பேரை மட்டும் நெருக்கமாகத் தொடரலாம்: நன்றாக எழுதுவோர் இருவர், நடுத்தரம் இருவர், திணறுவோர் இருவர். 40 பேரையும் நுணுக்கமாகத் தொடர நினைப்பவர்கள் இரண்டாம் வாரமே கைவிடுகிறார்கள்.

இனி, பின்னூட்டம். பின்வரும் பத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்:

'நூலகம் மிகவும் பயனுள்ளது. அங்கே நிறைய புத்தகங்கள் இருக்கின்றன. அதனால் நாம் அறிவை வளர்த்துக்கொள்ளலாம். நூலகம் இல்லாமல் யாராலும் வாழ முடியாது.'

இதன் அடியில் வழக்கமாக எழுதப்படுவது 'விரிவாக எழுதுக', 'இன்னும் முயற்சி தேவை', அல்லது 'நன்று'. விரிவாக எழுதத் தெரிந்திருந்தால் மாணவர் எழுதியிருப்பார். எந்த இடத்தை, எதைக் கொண்டு விரிப்பது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. 'முயற்சி தேவை' என்பது அவரைப் பற்றிய தீர்ப்பு, பத்தியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. 'நன்று' என்பதை வைத்துக்கொண்டு அடுத்த முறை எதைத் திரும்பச் செய்வது? அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: 'பத்தி எதைப் பற்றியது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டாய். அதனால் தொடர்ந்து படிப்பது எளிதாக இருக்கிறது. மூன்றாம் வரியில் எனக்கு ஒரு கேள்வி: யார், எந்தப் புத்தகத்திலிருந்து, எதைத் தெரிந்துகொண்டார்? அதை இரண்டு வாக்கியங்களில் அந்த இடத்தில் சேர்.'

இந்தக் குறிப்பில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. பலித்தது எது, ஏன் பலித்தது. சிக்கல் எந்த வரியில். இப்போது செய்ய வேண்டியது என்ன. மூன்றும் சேர்ந்தாலும் 30 சொற்களைத் தாண்டத் தேவையில்லை. எழுத 3 நிமிடம் ஆகும். மாணவரின் பத்தியில் கடைசி வாக்கியம் மிகைப்படுத்தல் என்பது ஆசிரியரின் கண்ணில் படத்தான் செய்யும். 'நிறைய' என்பதற்குப் பின் 'ப்' விடுபட்டிருப்பதும் படும். முதல் வரைவில் இரண்டையும் விட்டுவிடுங்கள். இது ஆசிரியர்களுக்கு உடல் கூசுகிற அளவுக்குக் கடினம் என்பது உண்மை. ஆனால் ஒரு பக்கத்தில் பதினைந்து சுழிகள் இருந்தால் எது முக்கியம் என்று மாணவர் தேர்ந்தெடுப்பதில்லை, எது எளிது என்றுதான் தேர்ந்தெடுக்கிறார். புள்ளியையும் காற்புள்ளியையும் சரிசெய்துவிட்டு, சான்று இல்லாத பத்தியை அப்படியே பிரதி எடுத்துத் தருவார். மேலும், பத்தியின் உள்ளடக்கம் மாறப் போகிறது என்றால், நாளை இருக்கப் போகாத வாக்கியத்துக்கு இன்று ஒற்று போட்டு என்ன பயன்?

முதல் வரைவுக்கு மதிப்பெண் கிடையாது. நோட்டைத் திருப்பிக் கொடுத்த அதே பாடவேளையில் 20 நிமிடம் மாற்றி எழுத ஒதுக்க வேண்டும். 'வீட்டில் எழுதி வா' என்றால் நடக்காது. நடந்தாலும் யார் எழுதியது என்று தெரியாது. எழுதத் தொடங்கும் முன், ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதைத் தம் சொற்களில் ஒரு வரியாக நோட்டின் ஓரத்தில் மாணவர் எழுதட்டும். இந்த ஒரு வரி ஆசிரியருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த தரவு. பத்துப் பேர் குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் குறை குறிப்பில் இருக்கிறது. 'கருத்தில் ஆழமில்லை', 'ஓட்டம் தடைபடுகிறது' போன்றவை ஆசிரியர் அறையில் விளங்கும் சொற்கள். மாணவரின் மேசையில் விளங்குவதில்லை.

இடைவெளியும் முக்கியம். மூன்று வாரம் கழித்து வரும் நோட்டில் அந்தக் கட்டுரையை எழுதியபோது இருந்த எண்ணமே மாணவருக்கு நினைவில் இருக்காது. மூன்று, நான்கு நாளைக்குள் திருப்பித் தர முடியாவிட்டால், வகுப்பை இரண்டாகப் பிரித்து இந்த முறை 20 பேருக்கு மட்டும் எழுத்துக் குறிப்பு, மற்ற 20 பேருக்கு அடுத்த கட்டுரையில் என்று வைத்துக்கொள்ளலாம். திணறும் மாணவரிடம் மூன்று நிமிடம் பேசுவது ஒரு பக்கக் குறிப்பைவிடப் பலன் தரும். அப்போது பேனா மாணவர் கையில் இருக்க வேண்டும்.

எழுத்துப்பிழைகளுக்கு உரிய இடம் இரண்டாம் வரைவு. அங்கேயும் சரியான வடிவத்தை எழுதித் தராமல், அந்த வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு குறி மட்டும் போடலாம்: 'எ' என்றால் எழுத்துப்பிழை, 'ஒ' என்றால் ஒற்று மிகுந்ததோ விடுபட்டதோ, 'மு' என்றால் எழுவாயும் வினைமுடிபும் பொருந்தவில்லை, 'வா' என்றால் வாக்கியம் நடுவில் உடைந்துவிட்டது. நான்குக்கு மேல் குறிகள் வேண்டாம். வரியில் எங்கே பிழை என்று தேடுவது மாணவரின் வேலை. 'மரங்கள் நன்றாக வளர்ந்தது' என்று எழுதியவர் 'மு' என்ற குறியைப் பார்த்துத் தாமே 'வளர்ந்தன' என்று மாற்றினால், அது கவனப் பிசகு. மாற்றத் தெரியாமல் விழித்தால் அது அறியாமை. அதற்குக் குறி போட்டுப் பயனில்லை, கற்பிக்கத்தான் வேண்டும். பிசகா அறியாமையா என்பதை அறிய ஒரு வழி, அதே சொல் கட்டுரையில் வேறு இடங்களில் எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பது. ஒரு இடத்தில் 'பள்ளி', இன்னொரு இடத்தில் 'பல்லி' என்றால் பிசகு. எல்லா இடத்திலும் 'பல்லி' என்றால் அறியாமை. ஒரே பிழை வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் இருந்தால், நோட்டுகளில் எழுதுவதை நிறுத்திவிட்டு மறுநாள் கரும்பலகையில் பத்து நிமிடம் அதை மட்டும் நடத்துங்கள். 25 நோட்டுகளில் ஒரே விதியை எழுதுவது ஆசிரியரின் நேரத்துக்குச் செய்யும் அநியாயம்.

சக மாணவர் பின்னூட்டம் பற்றியும் ஒரு சொல். பழக்காமல் நோட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னால் 'கையெழுத்து அழகு' என்றுதான் எழுதுவார்கள். பெயர் இல்லாத ஒரு மாதிரிப் பத்தியை வைத்து வகுப்பாக இரண்டு முறை பழகிய பின், ஒரே ஒரு கேள்வியோடு தொடங்கலாம்: 'எந்த வரியில் உனக்கு இன்னும் தெரிந்துகொள்ளத் தோன்றியது?'

இப்போது கவனித்துப் பதியும் வேலை. ஆசிரியர் எத்தனை குறிப்பு எழுதினார் என்பதை எண்ணி என்ன செய்வது? ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டாம் வரைவில் என்ன நடந்தது என்பதைத்தான் எண்ண வேண்டும். தொட்டுப் பார்க்கவே இல்லை, மேலோட்டமாக மாற்றினார், பொருள் சிறக்கும்படி மாற்றினார், மாற்றியதில் மோசமானது என்று நான்கு கட்டங்கள் போதும். ஆறு மாணவர், ஆளுக்கு இரண்டு குறிப்பு என்றால் ஒரு கட்டுரைக்கு 12 பதிவுகள். மூன்று கட்டுரைகளுக்குள் வடிவம் தெரிந்துவிடும். கேள்வியாக எழுதிய குறிப்புகள் எந்தக் கட்டத்தில் குவிகின்றன, கட்டளையாக எழுதியவை எங்கே குவிகின்றன என்று பார்க்கலாம். நன்றாக எழுதுவோர் கேள்விக்குப் பதில் சொல்லி, திணறுவோர் அதே கேள்வியை விட்டுவிட்டால், திணறுவோருக்குக் கேள்வியோடு தொடக்கச் சொற்களும் தர வேண்டும் என்பது அடுத்த சுழற்சிக்கான திட்டம்.

எழுத்துப்பிழையை எண்ணும்போது 100 சொற்களுக்கு எத்தனை என்று கணக்கிட வேண்டும். 120 சொல்லில் 9 பிழையும் 80 சொல்லில் 6 பிழையும் ஒன்றுதான். இரண்டுமே 100 சொற்களுக்கு 7.5. அத்தோடு நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. முதல் வரைவில் 120 சொல், 12 பிழை. இரண்டாம் வரைவில் 70 சொல், 5 பிழை. விகிதம் 10இலிருந்து 7.1 ஆகக் குறைந்திருக்கிறது. முன்னேற்றம் என்று எழுதிவிடலாம். தாளைப் பார்த்தால், ஓரக்குறி விழுந்த வரிகளை மாணவர் நீக்கியிருப்பார். சந்தேகமான சொற்களை விட்டுவிட்டு, தெரிந்த சொற்களில் பதுங்கியிருப்பார். பிழைக்குப் பயந்து எழுத்தைச் சுருக்கிக்கொள்ளும் இந்த மாணவரைப் பிழை எண்ணிக்கை மட்டும் பார்க்கும் எந்த முறையும் வெற்றியாகவே காட்டும். இதைவிடக் கவலை தரும் தோல்வி எழுத்துப் பயிற்சியில் இல்லை.

இரண்டாம் வரைவு சிறந்திருப்பதும் முழுச் சான்று ஆகாது. சொன்னதைச் செய்தார் என்பதற்கு மேல் அது எதையும் நிறுவாது. இரண்டு வாரம் கழித்து, புதிய தலைப்பில், எந்தக் குறிப்பும் இல்லாமல், அதே 30 நிமிடத்தில் எழுதும் முதல் வரைவில் சான்று தரும் பழக்கம் தானாக வருகிறதா என்பதே சோதனை. தலைப்பு தொடக்கநிலைத் தலைப்புகளைவிட எளிதாக இருந்துவிடக் கூடாது.

நம் கண்ணையும் நாம் சந்தேகிக்க வேண்டும். முன்னேற்றத்தை எதிர்பார்க்கும் ஆசிரியருக்கு முன்னேற்றம் தெரியும். பெயர்களை மறைத்து, தொடக்கநிலைத் தாள்களையும் கடைசித் தாள்களையும் கலந்து வைத்து எண்ணுங்கள். பத்துத் தாள்களை உடன் பணிபுரியும் ஒருவரிடம் கொடுத்துத் தனியே எண்ணச் சொல்லுங்கள். 'சான்று' என்று நீங்கள் கொண்டதை அவர் கொள்ளாத தாள்கள் இரண்டுக்கு மேல் இருந்தால், உங்கள் வரையறை தெளிவில்லை. அதைத் திருத்தி மறுபடி எண்ணுங்கள். பலன் இல்லை என்ற முடிவு வந்தால் அதுவும் முடிவுதான், அப்படியே எழுதி வையுங்கள். ஒப்பிடுவதற்காகச் சில மாணவர்களுக்கு உதவியை மறுக்கக் கூடாது. அதே மாணவரின் முந்தைய எழுத்தோடு ஒப்பிட்டால் போதும். எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தும் தாளுக்கு மாணவரிடம் ஒப்புதல் கேட்க வேண்டும். திணறும் மாணவரின் பத்தியை, பெயர் சொல்லாவிட்டாலும், அதே வகுப்பில் படிக்க வேண்டாம். கையெழுத்தும் நடையும் காட்டிக்கொடுத்துவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் தடையாக நிற்பது நேரம் என்று சொல்லப்படுகிறது. முதல் வரைவுக்கு 3 நிமிடம், இரண்டாம் வரைவுக்கு 2 நிமிடம் என்றால் 40 பேருக்கு 200 நிமிடம். இன்று ஒரே வரைவுக்குச் செலவாகும் 240 நிமிடத்தைவிடக் குறைவு. உண்மையான தடை நோட்டைப் பார்வையிடும் முறைதான். திருத்தப்படாத ஒரு பிழை கண்ணில் பட்டால் ஆசிரியர் கவனமில்லாதவர் என்று தலைமையாசிரியரும் பெற்றோரும் முடிவு கட்டும்வரை, எந்த ஆசிரியரும் துணிந்து ஒரு பிழையை விட்டுவைக்க மாட்டார். பக்கம் முழுக்கச் சிவப்பாக்கிவிட்டுத் தப்பித்துக்கொள்வதே அவருக்குப் பாதுகாப்பு.

எனவே கல்வி நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் கேட்பது இதுதான். பார்வையிட வரும்போது திருத்தங்களை எண்ணாமல், ஐந்து மாணவரின் முதல் வரைவையும் இரண்டாம் வரைவையும் அருகருகே வைத்துக் கேளுங்கள்: குறிப்பு என்ன சொன்னது, மாணவர் என்ன செய்தார்? பாடவேளைப் பட்டியலில் மாற்றி எழுதுவதற்கென்று இரண்டு வாரத்துக்கு ஒரு பாடவேளையைத் தனியே ஒதுக்குங்கள். செயலாய்வின் முடிவுகளைப் பதவி உயர்வுக்கோ விளக்கம் கேட்பதற்கோ பயன்படுத்தாதீர்கள். பயன்படுத்தினால் மறுநாளிலிருந்து எல்லா ஆய்வும் வெற்றி பெறும். ஆசிரியர்கள் தம் பங்குக்கு, ஒவ்வொரு கட்டுரையின் தலைப்புக்கும் மேலே 'இந்த வரைவில் பார்க்கப்பட்டது: சான்று மட்டும். எழுத்துப்பிழைகள் அடுத்த வரைவில் பார்க்கப்படும்' என்று ஒரு வரி எழுத வைக்கலாம். நோட்டைப் புரட்டும் பெற்றோருக்கும், பார்வையிட வருவோருக்கும் அந்த வரியே விளக்கமாக இருக்கும்.

இப்படிக்கு,
மொழியாசிரியர் ஒருவர்